கட்டம் போட்ட காலுறையும் நான் திருத்திய புகாரும்

இன்று காலை அல்சூர் ஏரிக்கரையில் நம் தெருச் சங்கச் செயலாளர் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். காலில் மஞ்சளும் பச்சையும் கறுப்புமாய்க் கட்டம் போட்ட காலுறை. நான் நின்றுவிட்டேன்.

"பொண்ணு ஆன்லைன்ல வாங்கிக் குடுத்தா டீச்சர். ஆப்பிரிக்கன் டிசைனாம். சூப்பரா இருக்குல்ல?" என்று பேன்ட்டைத் தூக்கிக் காட்டினார்.

அவருக்கு எதுவும் நினைவில்லை. எனக்கு உன் கால்கள் நினைவுக்கு வந்தன.

உன் மாடியில் குடியிருந்து நர்சிங் படித்த கானா நாட்டுப் பெண், ஒரு கிறிஸ்துமஸுக்கு உனக்கு இதே போல ஒரு ஜோடி கொடுத்தாள். அவள் ஊரில் விசேஷத்துக்கு உடுத்தும் துணியின் கட்டங்களாம். நீ அதைப் பட்டுப்புடவையோடு சர்ச்சுக்கே போட்டுக்கொண்டு வந்தாய்.

"என்னடி, காலுக்கு மட்டும் திருவிழாவா?" என்றேன்.

"வயித்தெரிச்சல் படாதே. மஞ்சள் தங்கமாம், பச்சை விளைச்சலாம், கறுப்பு செத்துப்போன பெரியவங்களாம். உன் சாக்ஸ்ல என்ன இருக்கு? ஓட்டைதானே!"

முப்பது வருடம் அடுத்தடுத்த வகுப்பறைகளில் பாடம் நடத்தியவர்கள் நாம். உன் சிரிப்பு சுவரைத் தாண்டி வந்து என் வகுப்பைக் கெடுக்கும். அன்று பூசையையும் கெடுத்தது.

பொங்கல் முடிந்ததும் செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். அந்தப் பெண்ணைக் காலி செய்ய வைக்கப் போலீசுக்கு ஒரு புகார் எழுதியிருந்தார். சனிக்கிழமைகளில் அவள் ஊர்ப் பெண்கள் நாலு பேர் வந்து, சேர்ந்து சமைத்துப் பாடுவார்கள். அதுதான் குற்றம்.

"ஒரு தடவை திருத்திக் குடுங்க டீச்சர். உங்க இங்கிலீஷுன்னா ஸ்டேஷன்ல மதிப்பாங்க."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தத் தாள் முழுக்க வசவு. பாதி அவள் நிறத்தைப் பற்றியது. அதையாவது எடுத்துவிடுவோம் என்று சிவப்புப் பேனாவைத் திறந்தேன். வசவை அடித்தேன். 'குடியிருப்போரின் அமைதி', 'பாதுகாப்பு குறித்த கவலை' என்று பதவிசாக எழுதினேன். உனக்கு நல்லது செய்வதாகவே நினைத்தேன். அழுக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டால் மடிப்புதான் நிற்கும், அழுக்கு போகாது என்று பிள்ளைகளுக்கு உதாரணம் சொன்னவள் நான்.

போலீஸ் வந்தது. "என் வீடு, என் பொண்ணு, கேக்க இவங்க யாரு?" என்று நீ வாசலை மறித்தாய். ஆனால் உனக்குத் தொந்தரவு வேண்டாமென்று, படிப்பு முடிய மூன்று மாதம் இருக்கையில், அவளே பெட்டியோடு ஆட்டோ ஏறினாள்.

அன்று மாலையே புகாரின் நகலோடு என் முன் நின்றாய். "இந்தத் தெருவுல இப்படித் தப்பில்லாம எழுத ஒருத்திதான் இருக்கா."

"கெட்ட வார்த்தையெல்லாம் எடுத்ததே நான்தான்டி."

"அதைத்தான் சொல்றேன். அந்தாளு எழுதினதைக் காட்டி நான் சண்டை போட்டிருப்பேன். இதை வெச்சுக்கிட்டு யார்கிட்ட சண்டை போடறது?"

அதன்பிறகு பார்த்தால் தலையசைப்பாய், அவ்வளவுதான். உன் கடைசி வாரத்தில் கட்டிலருகே உட்கார்ந்து, "மன்னிச்சிடுடி" என்றேன்.

"எங்கிட்ட எதுக்கு? வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனது நானா?" சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அவளை எங்கே தேடுவேன்? 'மாடிப் பொண்ணு' என்பதைத் தவிர வேறு பெயரில் நான் அவளைக் கூப்பிட்டதே இல்லை. ஆனால் அவள் முழுப்பெயர் எனக்கு மனப்பாடம். புகாரில் சரியாக இருக்க வேண்டுமென்று, அதைத் திருத்திய அன்று உனக்குத்தான் ஃபோன் செய்து கேட்டேன்.

"எதுக்குடி, அவளுக்கு வாழ்த்து அட்டை ஏதாச்சும் எழுதப் போறியா?" என்று சிரித்தாய். பிறகு, நான் எழுதிக்கொள்ள வசதியாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாய்.