சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்

திங்கள், 12

காலையிலேயே அனல். என் வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். பத்து மணிக்கு மணிக்கட்டு வழியாகக் கம்பி போனது. சாயங்காலம் ஐந்துக்குக் கிளம்பலாம் என்கிறார்கள்! எதிர்வீட்டுக்காரர் கிட்னிக் கல்லுக்கே நாலு நாள் படுத்திருந்தார். இது நெஞ்சு. முடிவெட்டிக்கொண்டு போகிற மாதிரியா?

"இப்பல்லாம் அப்படித்தாம்மா. வீட்ல பாத்துக்க படிச்சவங்க யாராவது இருக்காங்களா?" என்றாள் நர்ஸ். எதிரில் நான் ஒருத்தி நிற்கிறேன். டிஸ்சார்ஜ் தாளை மருமகள் கவிதாவிடம் நீட்டினாள். முழுக்க இங்கிலீஷ்.

விடுவேனா. "அஞ்சாங்கிளாஸ் படிச்சவ நானு. தமிழ்ல சொல்லு, எழுதிக்கிறேன்" என்றேன். இந்த நோட்டில் எழுதியது:

வலது கை – ஒரு வாரம் வெயிட் தூக்கக் கூடாது.
ரத்தம் வந்தால் – உட்காரவைத்து அழுத்தி அமுக்கணும். 10 நிமி. நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. நிற்காவிட்டால் 108.
மாத்திரை 2 – ஒரு வேளைகூட விடக் கூடாது.

ஆட்டோவில் வீடு. வழியெல்லாம் கண்டெய்னர் லாரி, பள்ளம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் எனக்குத்தான் நெஞ்சு வலித்தது.

செவ்வாய், 13

அவர் நன்றாகத் தூங்கினார். நான் இல்லை.

என் தம்பி தேசப்பன், பிரெட்டும் ஆப்பிளுமாக ஆஸ்பத்திரிக்குப் போய், காலிக் கட்டிலைப் பார்த்துப் பதறி இங்கே ஓடிவந்தான். இவரைக் கண்டதும் சிரிப்பு. "இன்னா மாமா, அன்னிக்கே தொரத்திவுட்டானுங்களா? அப்போ ஒண்ணியும் இல்ல, வெறும் வாயு, கேஸுதான். இதுக்கா வூடே அழுதுகினு கீது?"

இவருக்கு ரோஷம். "நல்லாத்தான்டா கீறேன், பாரு." வாசலில் நிரம்பியிருந்த குடத்தைத் தூக்கிவிட்டார். வலது கையால். கட்டெல்லாம் ரத்தம்.

தம்பி "ஐயோ அக்கா" என்கிறான். கவிதா தாளைப் புரட்டுகிறாள், எங்கே போட்டிருக்கிறது என்று. பி.காம். படித்தவள். நான் அவரை உட்காரவைத்து அமுக்கினேன். கண் கடிகாரத்தில்.

"வுடுடீ, கை மரத்துப்போச்சு."

"வாய மூடு. இன்னும் நாலு நிமிசம் கீது."

11.20 அமுக்கினது. 11.30 நின்றது. வீக்கம் இல்லை. விரலில் சூடு உண்டு.

தம்பியைத் திட்டியதை எழுத மாட்டேன். ஆப்பிள் நன்றாக இருந்தது.

புதன், 14

மேகமூட்டம். மாத். கொடுத்தாயிற்று. நர்ஸ் போன். நடந்ததைச் சொன்னேன்.

"அச்சச்சோ. படிச்சவங்ககிட்ட போனைக் குடுங்கம்மா."

"அமுக்கினது நானு. என்னைக் கேளு."

எத்தனை நிமிஷம், வீக்கமா, விரல் சில்லிட்டதா? எல்லாம் நோட்டைப் பார்த்துச் சொன்னேன். இன்றே வந்து கையைக் காட்டச் சொன்னாள். அந்த நோட்டையும் கொண்டுவர வேண்டுமாம்.

கொண்டுபோவேன், தர மாட்டேன். வேண்டுமானால் ஒரு பேனா எடுத்துவந்து அவள் எழுதிக்கொள்ளட்டும்.