போகும்போது மட்டும் வரும் வாடை

மார்ச் 7, சனி

இன்றும் சொன்னாள். வண்டி ஊர் எல்லையைத் தாண்டியதும் கண்ணாடியை இறக்கிவிட்டு, "பெட்ரோல் வாடை அடிக்குது. உனக்கு வரல?"

"வரல" என்றேன்.

தொடர்ந்து மூன்றாவது சனிக்கிழமை. அவளுடைய அக்காவுக்கு முதுகில் அறுவை சிகிச்சை முடிந்ததிலிருந்து வாராவாரம் போகிறோம். எண்பது கிலோமீட்டர். காலையில் டேங்கை வாய் வரைக்கும் நிரப்பினேன். கல்யாணத்துக்கு முன் ஒருமுறை நெடுஞ்சாலையில் பெட்ரோல் தீர்ந்து, மழையில் இரண்டு மணி நேரம் நின்றோம். 'இனிமே டேங்க் நிறையாம உன்கூட ஏற மாட்டேன்' என்றாள். அன்றிலிருந்து இந்தப் பழக்கம்.

வழி முழுக்க முகத்தை வெளியே வைத்துக்கொண்டு வந்தாள். ஐந்தாம் மாதம்.

"வரல" — பொய் இல்லை. எனக்கு எதுவுமே வருவதில்லை.

மார்ச் 8, ஞாயிறு

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருடம் முன்பு வந்த காய்ச்சல், போகும்போது என் மூக்கையும் கொண்டுபோய்விட்டது. திரும்பிவிடும் என்று இருந்தேன். அவளை ஏன் பயமுறுத்த வேண்டும்? அப்புறம் ஒரு நாள் புது சோப்பு வாங்கிவந்தாள். குளித்துவிட்டு வந்து கழுத்தை நீட்டி, "எப்படி இருக்கு?" என்றாள். நன்றாக இருக்கிறது என்றேன். அன்றிலிருந்து அதே சோப்பு. ஒரு கட்டி தீரும்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அதற்குள் அடுத்த கட்டி வந்துவிடும்.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களுக்குப் பிழை திருத்துவது என் வேலை. பக்கவிளைவுகளில் 'வாசனை அறியும் திறன் இழத்தல்' என்று வரும். ஒற்று சரியா என்று பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.

மார்ச் 10, செவ்வாய்

மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்தி, வெள்ளைத் துணியால் ஒவ்வொரு மூட்டாகத் துடைத்து மூக்கருகே கொண்டுபோனார். டேங்கின் அடிப்பக்கம், பம்ப், என்ஜினுக்குப் போகும் குழாய். "எல்லாம் காஞ்சு கிடக்கு சார். யாருக்கு வாடை வருது?"

"வீட்டுல."

"எத்தனாவது மாசம்?"

நான் மாசத்தைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை. "அஞ்சு."

"அப்படிச் சொல்லுங்க." துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "எங்க வீட்டுல ரெண்டாவதுக்கு டிவி நாறுதுன்னா. தூக்கி அடுத்த ரூம்ல வெச்சேன். அங்கிருந்தும் நாறுதுன்னா. உங்களுக்கு வருதா சார்?"

"வரல."

அவர் வண்டியை இறக்கிவிட்டார்.

மார்ச் 11, புதன்

மெக்கானிக் ஒன்றும் இல்லை என்றதைச் சொன்னேன். டிவி கதையைச் சொல்லவில்லை.

மார்ச் 14, சனி

டேங்க் நிரப்பினேன். புறப்பட்ட பத்தாவது நிமிடம் சாலையோரம் நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாள். தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டியைச் சுற்றிவந்து குனிந்து பார்த்தேன். எதைப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. தார், நிழல்.

சாயங்காலம் திரும்பும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கினாள். எழுந்ததும் கேட்டேன். "இப்ப இல்ல. போகும்போதுதான் வருது."

போகும்போது மட்டும். பெட்ரோலுக்குத் திசை தெரியுமா?

அக்கா இந்த முறையும் ஒரு பை நிறையக் குழந்தைச் சாமான் கொடுத்தாள். பவுடர் டப்பா மட்டும் மூன்று. எப்படிப் படுக்க வேண்டும், எப்படி எழுந்திருக்க வேண்டும் என்று நாள் முழுக்க வகுப்பு. இவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

ஒருவேளை இவளுக்கு அங்கே போகவே பிடிக்கவில்லையோ?

மார்ச் 16, திங்கள்

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரன் — எங்கே பார்த்தாலும் ஒன்று வைப்பதால் அவனுக்குப் பெயர் காற்புள்ளி — அவனைக் காரில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். கண்ணை மூடி, மருத்துவர் மாதிரி மூச்சு இழுத்தான்.

"பெட்ரோல்லாம் இல்லப்பா. ஆரஞ்சுத் தோல் மாதிரி என்னமோ வருது. உனக்கு?"

"எனக்கும் பெட்ரோல் வரல."

'எனக்கும்.' அந்த 'உம்' எவ்வளவு எளிதாக வந்துவிட்டது.

மார்ச் 18, புதன்

நான் ஏன் வாயைத் திறந்தேன்.

சாப்பிடும்போது என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். வேண்டாத இடத்துக்குப் போகும்போது உடம்பு தனக்கு ஒரு காரணம் தேடிக்கொள்ளும் என்று. கல்லூரியில் படித்ததையெல்லாம் கொஞ்சம் தூவி.

அவள் தட்டைத் தள்ளிவைத்தாள். "எங்க அக்காவைப் பார்க்கப் போனா எனக்குப் பெட்ரோல் நாறுதா?"

"நீ பொய் சொல்றன்னு சொல்லல."

"வேற என்ன சொல்ற? மெக்கானிக்குக்கு வரல. காற்புள்ளிக்கு வரல. உனக்கும் வரல. மூணு பேர் மூக்கு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவங்க ரெண்டு பேரையும் விடு. நீ வருதுன்னு சொல்லியிருந்தா போதும்."

மூன்று இல்லை, இரண்டுதான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

மார்ச் 20, வெள்ளி

மாதாந்திரப் பரிசோதனை. பேருந்தில் போனோம்; காரில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். குழந்தை நன்றாக இருக்கிறது. எழுந்துகொள்ளும்போது அவள் கேட்டாள்: "டாக்டர், இல்லாத வாடை வருமா? தலையில ஏதாவது கோளாறு இருந்தா அப்படி வருமா?"

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளை ஒரு முறை பார்த்தார். எப்போதிலிருந்து, எத்தனை நாளுக்கு ஒரு முறை, கணவருக்கு வருகிறதா என்று கேட்டார். அவள் எனக்காகவும் பதில் சொன்னாள். "இல்ல, அவருக்கு வரல." டாக்டர் ஒரு பரிசோதனை எழுதிக் கொடுத்தார்.

நான் பக்கத்து நாற்காலியில், மடியில் கோப்போடு.

மார்ச் 21, சனி

தனியாகப் பேருந்தில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறாளாம். பவுடர் டப்பாக்களை எடுத்துப் போகவில்லை.

டேங்க் நிரப்பவில்லை. எங்கே போவதற்கு?

மார்ச் 22, ஞாயிறு

இருப்புக் கொள்ளவில்லை. இந்த நோட்டைப் பின்னாலிருந்து படித்தேன். அலுவலகப் பழக்கம். கடைசி வரியிலிருந்து மேலே படித்தால் பொருள் கண்ணை மறைக்காது. சொல் மட்டும் தெரியும்.

டேங்க் நிரப்பவில்லை. டேங்க் நிரப்பினேன். டேங்கை வாய் வரைக்கும் நிரப்பினேன்.

சனிக்கிழமை காலை, நிறைந்த டேங்க். சாயங்காலத்துக்குள் நூற்று அறுபது கிலோமீட்டர், மூன்றில் ஒரு பங்கு காலி. மெக்கானிக் பார்த்தது செவ்வாய். காற்புள்ளி உட்கார்ந்தது திங்கள். நிறைந்த டேங்கோடு இந்த வண்டியில் ஏறியவள் அவள் ஒருத்திதான். அவளும் நானும். நான் எந்தக் கணக்கில் சேர்த்தி?

அவளுக்காகத்தானே நிரப்பினேன்.

மார்ச் 23, திங்கள்

அலுவலகத்துக்கு விடுப்பு. பெட்ரோல் பங்கில், பம்ப் தானாக நின்ற பிறகும் இன்னும் கொஞ்சம் என்று ஊற்றவைத்து, நேராக மெக்கானிக்கிடம். பவுடர் டப்பா ஒன்றும் கையில். ஈரத்தைக் கண்ணால் பார்க்க வேறு வழி தோன்றவில்லை.

டிக்கியைத் திறந்ததும் அவர் ஓர் அடி பின்வாங்கினார். "என்ன சார் இது, இப்படி அடிக்குது!"

பக்கவாட்டு அட்டையைக் கழற்றினார். பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்கு இறங்கும் ரப்பர் குழாய். பவுடரைத் தூவினேன். இருவரும் குனிந்து காத்திருந்தோம். வெள்ளையில் நகக்கீறல் போல ஒரு கோடு மெல்ல இருண்டது. குழாயின் மேல்முனையில் வெடிப்பு.

"டேங்க் நிறைஞ்சாத்தான் பெட்ரோல் இதுவரைக்கும் ஏறும். அதான் அன்னைக்குத் தெரியல." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இவ்ளோ நாத்தம். உள்ள உக்காந்து ஓட்டுறீங்க. உங்களுக்கு எப்படி சார் வராம இருக்கும்?"

"எனக்கு மூக்கே வேலை செய்யாதுண்ணே. ரெண்டு வருஷமா."

முதல்முறையாக ஒருவரிடம் சொன்னேன். கையெல்லாம் பவுடர்.

அவர் திட்டவில்லை. துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "அன்னைக்கு அதைச் சொல்லியிருந்தா நான் இன்னும் தேடியிருப்பேனே சார். ஓட்டுறவருக்கே வரலன்னுதானே விட்டேன்."

பழைய வண்டி. குழாய் கிடைக்க இரண்டு நாள் ஆகும்.

மார்ச் 24, செவ்வாய்

பேருந்தில் போனேன். கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"குழாய்ல வெடிப்பு. நீ சொன்னது சரி."

"ம்." ஒரு துண்டை மடித்தாள். "இப்பவாவது உனக்கு வந்துச்சா?"

"வரல." அதோடு நிறுத்தாமல் மீதியையும் சொன்னேன். காய்ச்சலிலிருந்து.

மடித்த துண்டை உதறி மறுபடி மடித்தாள். "எல்லாமேவா?"

"எல்லாமே."

"அந்த சோப்பு?"

"தெரியாது."

"எனக்கு அந்த சோப்பு பிடிக்கவே பிடிக்காது. உனக்குப் பிடிச்சிருக்குன்னு வாங்கிட்டிருந்தேன். இந்த அஞ்சு மாசமா மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் குளிக்கிறேன்."

உள்ளே படுத்திருந்த அக்காவின் குரல். "என்னடி, சண்டையா?"

"இல்லக்கா. சோப்பு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"காய்ச்சல் உன் தப்பில்ல. சொல்லாம இருந்ததக்கூட விடு. நான் டாக்டர்கிட்ட எனக்கு மூளை சரியா இருக்கான்னு கேட்டேன்டா. நீ பக்கத்துல உக்காந்திருந்த."

கடைசிப் பேருந்து ஆறரைக்கு. தனியாகத் திரும்பினேன்.

மார்ச் 26, வியாழன்

புதுக் குழாய். நிரப்பிவைத்து மெக்கானிக்கை உட்காரச் சொன்னேன். பத்து நிமிடம் உட்கார்ந்தார். "இல்ல சார். வீட்டுலயும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க."

மார்ச் 29, ஞாயிறு

பேருந்திலேயே வந்தாள். வேறு சோப்பு வாங்கிவந்திருக்கிறாள். என்ன வாசனை என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

பரிசோதனைச் சீட்டைக் கிழித்துப் போட்டிருந்தாள்.

ஏப்ரல் 4, சனி

டேங்க் நிரப்பினேன். கேட்காமலே வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். கண்ணாடியை முழுக்க இறக்கினாள். ஊர் எல்லை தாண்டியது. நான் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினேன்.

இருபது கிலோமீட்டர் போனதும் கண்ணாடியை ஏற்றினாள். ஒரு முறை மூச்சிழுத்தாள். இன்னொரு முறை.

"ஓரமா நிறுத்து."

நிறுத்தினேன்.

"பெட்ரோல் இல்ல. பழத்தோல் ஏதோ அழுகுது. ஆரஞ்சுன்னு நினைக்கிறேன். எங்கன்னு தேடு."

இறங்கி, அவள் பக்கத்துக் கதவைத் திறந்து, அவள் காலை நகர்த்திக்கொள்ளக் குனிந்து தேடினேன். சீட்டுக்கு அடியில் இருந்தது.