உனக்கு யாரும் சொல்லாத சேதி

என் ஆசைப் பேச்சியக்காவுக்கு,

ஏரல் சந்தையில் நீயும் நானும் தலைச்சுமையாகத் தொடங்கிய வாழையிலை வியாபாரம் இப்போது மதுரைவரை லாரியில் போகிறது. அதைச் சொல்ல நான் எழுதவில்லை. உனக்கு வேறொரு சேதி இருக்கிறது. பிந்திப்போன சேதி.

என் மகள் ஜோதி பத்தாவது முடித்துவிட்டாள். உன் உயரம், உன் நிறம், முகத்தில் ஒரு பரு கிடையாது. உன்னைப் போலவே இன்னும் ஆளாகவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் மெட்ராஸுக்குப் போய் வந்தது. ஜோதியை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் பேசினார்.

அவளுக்குக் கர்ப்பப்பை இல்லை. சினைப்பை இருக்கவேண்டிய இடத்தில், ஆண்பிள்ளைகளுக்கு இருக்கும் விரை போன்ற சுரப்பி உள்ளே கிடக்கிறது. அது ஆண் ஹார்மோனைச் சுரக்கத்தான் செய்கிறது. உடம்புக்குத்தான் அதை ஏற்கத் தெரியவில்லை. நம் தொழில் பேச்சில் சொன்னால், லாரி லாரியாகச் சரக்கு வந்து நிற்கிறது, கிட்டங்கிக் கதவு திறக்கவில்லை. அதனால் கருவிலேயே உடம்பு பெண்ணாக வளர்ந்தது. வந்த சரக்கில் கொஞ்சம் பெண் ஹார்மோனாக மாறி மார்பையும் வளர்த்தது. கர்ப்பப்பையைத் தடுத்தது அதே சுரப்பியின் இன்னொரு ஹார்மோன். "பெண்ணாத்தான் பிறந்தா, பெண்ணாத்தான் வளர்ந்தா. அவ பெண்தாம்மா" என்றார்.

தாய்வழியில் வருமாம். சுமக்கிறவளுக்கே தெரியாதாம். "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது உண்டா?" என்று கேட்டார். உன் முகம் வந்து நின்றது, அக்கா.

தெரு பேசத் தொடங்கியதும் அம்மை உனக்குப் பொய்ச் சடங்கு வைத்தாள். சீவலப்பேரி மாமா சீர் கொண்டுவந்தார். பிறகு மாசாமாசம் தனித்தட்டோடு உன்னைத் தொழுவில் ஒதுக்கி உட்காரவைத்தாள், ஊர் நம்பவேண்டுமே! கல்யாணமாகிப் போன வீட்டிலும் நீ அதையே செய்தாய். நீ ஒதுங்கும்போதெல்லாம், "இந்த மாசமும் நிக்கலியாட்டி?" என்று உன் மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். மண்சோறு சாப்பிட்டாய். பாபநாசத்தில் ஈரச்சேலையோடு படியேறினாய். இல்லாத கர்ப்பப்பைக்குச் சாமி என்ன செய்யும்? கடைசியில் உன் வீட்டுக்காரர் வேறு கல்யாணம் கட்டிக்கொண்டார். நீ என்னிடம் வந்துவிட்டாய்.

அந்தச் சுரப்பி உள்ளேயே கிடந்தால் சிலருக்கு வயது ஏறியபின் கட்டியாகலாமாம். உன்னைக் கொண்டுபோன வயிற்றுக்கட்டி அதுதானா? "பார்க்காம சொல்ல முடியாதும்மா" என்றார். இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டு, எலும்பு பலத்துக்குப் பெண் ஹார்மோன் மாத்திரை கொடுக்கலாம் என்றார். "பிள்ளைகிட்ட முழுசா சொல்லாதீங்க. கர்ப்பப்பை வளரலைன்னு மட்டும் சொல்லுங்க. தாங்க மாட்டா."

வீட்டுக்கு வந்தால் நம் அண்ணன் உட்கார்ந்திருக்கிறான். "ஏட்டி மாரி, பேசாம சடங்கு வச்சிருவோம். தாய்மாமன் நான் இருக்கேன்லா, சீரு கொண்டாரேன். ஊரு வாய அடைக்கணும்லா?"

"பேச்சியக்காவுக்கு வச்சமே, அடைஞ்சிச்சா?"

"அவ விதி வேற."

அந்தச் சொல் என்னை விடவில்லை. சில நாள் அதே யோசனை. பிறகு, இலை அடுக்கிக்கொண்டிருந்தபோது, டாக்டரம்மா சொன்னதை ஜோதியிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். அவள் கையிலிருந்த நல்ல இலையைக் கிழித்துக்கொண்டே இருந்தாள்.

"அப்போ நான் யாரும்மா?"

"நீ ஜோதி. என் மக."

"பெரியம்மைக்கும் இதானா?"

"இதாத்தான் இருக்கணும்."

"அவங்களுக்கு யாரு சொன்னா?"

"யாருக்கும் தெரியாதுட்டி. யாரும் சொல்லல."

அப்போதுதான் அழுதாள். உனக்காகவா, தனக்காகவா, நான் கேட்கவில்லை.

மறுவாரம் அண்ணன் சடங்குப் பத்திரிகை மாதிரிகளோடு வந்தான். ஜோதியே முன்னால் போய் நின்றாள். "மாமா, நான் ஆளாகல. இனியும் ஆக மாட்டேன். சீரெல்லாம் வேண்டாம், சும்மா வரும்போது அல்வா வாங்கிட்டு வாங்க."

"பாரேன், ஆத்தாள மாதிரியே பேசுதா!" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனவன் இன்னும் வரவில்லை. வராமல் எங்கே போவான்?

ஆபரேஷன் எப்போது, வேண்டுமா வேண்டாமா என்று டாக்டரம்மாவிடம் அவளே கேள்வி கேட்கிறாள். சிலவற்றுக்கு அவர் யோசித்துத்தான் பதில் சொல்கிறார். இந்தக் கடிதத்தை நாலுபேர் படிக்கக் கொடுக்கலாமா என்று அவளைக் கேட்டேன். "பேரை மட்டும் மாத்திரும்மா" என்றாள். மாற்றியிருக்கிறேன்.

உன்னிடம் யாரும் எதையும் சொல்லவில்லை, எதையும் கேட்கவுமில்லை, அக்கா. அது இனி ஆறாது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன்: டாக்டரானாலும், அண்ணனானாலும், நாளை பெண் கேட்டு வருகிறவனானாலும், ஜோதியின் உடம்பைப் பற்றி யார் பேசினாலும் அவளை வைத்துக்கொண்டுதான் பேசவேண்டும். அவள் எழுந்து போனால் பேச்சும் அதோடு முடிந்தது.

உனக்குப் பின்னே பிறந்து, நீ வாழ்ந்த வயதையும் தாண்டிவிட்ட
உன் தங்கச்சி,
மாரி