சிலுவை போட்டு ஆடிய ஆட்டம்

அன்புள்ள அப்பாவுக்கு, மஸ்கட்டிலிருந்து ரோனி. நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா?

கிறிஸ்துமஸுக்கு எங்கள் அறையில் ஒருவருக்குத்தான் லீவு. அதற்காக நானும் நம் பக்கத்து லைன் வீட்டுச் சகாயமும் தீக்குச்சியைப் பந்தயமாக வைத்துப் போக்கர் சீட்டு ஆடினோம். என் கையில் உருப்படியான சீட்டே இல்லை. சுரங்கத்துக்குள் கேஜில் இறங்கும் முன் நீங்கள் போடுவீர்களே, அதேபோல் சிலுவை போட்டு, எல்லாக் குச்சிகளையும் பந்தயத்தில் தள்ளி வைத்தேன்.

"சிலுவ போட்டுகினு எவன்டா பொய் ஆடுவான்," என்று சகாயம் சீட்டைக் கவிழ்த்து, ஆட்டத்தை எனக்கு விட்டுவிட்டான். அவன் தன் குழந்தையை இன்னும் நேரில் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது.

நீங்களும் அம்மாவும் பெங்களூருக்கு, அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லி லீவை அவனுக்கே கொடுத்தேன். அதையும் நம்பினான். ஊரில் உங்களைப் பார்த்துக் கேட்டால், பயணம் நின்றுபோனது என்று சொல்லுங்கள். அம்மா கிறிஸ்துமஸுக்குச் செய்யும் கல்கல் பலகாரம் கொஞ்சம் அவனிடம் கொடுத்தனுப்புங்கள்.

ஷிப்டுக்கு வண்டி வந்துவிட்டது. அவனிடம் சொல்லும்போது சிலுவை மட்டும் போடாதீர்கள், அப்பா.

ரோனி