நீ வெட்டிய காய்

இன்று பீரோவுக்கு அடியில் பெருக்கும்போது பவுடர் டப்பா ஒன்று உருண்டு வந்தது. திறந்தால், தாயம் ஆட ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய உன் புளியங்கொட்டைகள். செத்து ஒரு மாதமாகியும் என் வீட்டை விட்டுப் போக உனக்கு மனசில்லை, பார்த்தாயா அக்கா?

உன் தலைமுடியைப் பார்த்து உத்திரமேரூரில் நம் தெருவே பொறாமைப்பட்டது. (அதில் பாதி சவுரி என்பது எனக்கு மட்டும் தெரியும்.) என் வயிற்றெரிச்சல் வேறு. நான் பெற்ற பெண் கோமதி உனக்காக வாசலில் காத்திருப்பாளே, அது.

போலியோவில் அவள் கால் சூம்பிய பிறகு எல்லோரும் அவளிடம் குழைந்தார்கள். தாயம் ஆட உட்கார்ந்தால், தாயம் விழாமலே அவள் காய் இறங்கும். பிள்ளைகள் யாரும் அதை வெட்ட மாட்டார்கள். நான்தான் ஜாடை காட்டி வைத்திருந்தேன். அவளே ஜெயிப்பாள்; ஜெயித்துவிட்டுக் கொட்டாவி விடுவாள்.

பெருநகர் கிராமத்திலிருந்து எதிர்வீட்டுக்குக் குடிவந்த நீ, முதல் ஆட்டத்திலேயே அவள் காயை வெட்டினாய். அவள் போட்ட கூச்சலில் அடுப்பை விட்டு ஓடிவந்தேன்.

"யக்கா, கால் வராத கொயந்தகிட்டப் போயி..."

"கையாலதானே ஆடறா? தாயம் போட காலு இன்னாத்துக்குடி?"

நியாயத்துக்கு மகளைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் வெறி. "நீ உள்ள போம்மா. இந்தத் திருட்டு பெரிம்மாவ வெட்டாம எந்திரிக்க மாட்டேன்!"

என்னை ஒருநாளும் அவள் அப்படித் திட்டியதில்லை. பிறகு, பள்ளிக்கூடத்தில் யார் நொண்டி என்றார்கள், யார் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றார்கள், எல்லாக் கதையும் உன்னிடம்தான். ஏன் என்னிடம் சொல்வதில்லை என்று பொறுக்காமல் ஒருநாள் அவளிடமே கேட்டுவிட்டேன்.

"உன்னான்ட சொன்னா நீ அயுதுடுவ. பெரிம்மா, 'நீ திருப்பி இன்னா சொன்ன?'ன்னு கேக்கும்."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் தடவை போட்டுக்கொண்ட சோறு.

இப்போது மோட்டார் வைத்த மெஷினில் ரவிக்கை தைக்கிறாள். நீ போனதிலிருந்து மெஷின் சத்தம் மட்டும்தான்; அவள் சத்தம் இல்லை. மத்தியானம் கொட்டைகளை அவள் முன்னால் கொட்டினேன். பழைய புத்தி, ஒரு வெட்டைப் பார்க்காததுபோல் விட்டேன். பிடித்துவிட்டாள்.

"ஆடறதுன்னா ஒயுங்கா ஆடும்மா. இல்லன்னா எந்திரி."

அடுத்த முறை அவள் காயை வெட்டினேன்.

"திருட்டு அம்மா!" என்று கத்தினாள். எதிர்வீட்டுப் பூட்டுக்கே கேட்டிருக்கும். கத்திவிட்டுச் சிரித்தாள்.

அந்தத் 'திருட்டு' பட்டத்தை உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன் அக்கா. கொட்டைகளும் இனி என்னுடையவை. நீயே எழுந்து வந்து கேட்டாலும் தர மாட்டேன். ஓர் ஆட்டம் வேண்டுமானால் உட்காரு.