மூன்று சிலிண்டரும் முழு டேங்கும்

இன்சூரன்ஸ் தாளைத் தேடிக் காரின் முன்பெட்டியைத் துழாவியபோது, கார் வாங்கிய அன்று ஷோரூமில் கொடுத்த வழவழப்பான விளக்கத்தாள் கையில் வந்தது. நீங்கள் நெற்றியில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசம் அதில் இன்னும் இருக்கிறது. நீங்கள் தவறிப்போய் எட்டு மாதமாகிறது. அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு, நம் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்துக் கார்நிறுத்தத்தின் நான்காம் மாடியில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எஞ்சின் விவரத்தைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறீர்கள். 998 சிசி. மூன்று சிலிண்டர். பெல்ட் கிடையாது, செயின். என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் ஜாதகத்தைக்கூட நீங்கள் இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். "எல்லாரும் நாலு சிலிண்டர் வாங்குறாங்க. மூணை வச்சு என்ன செய்யறது?" என்று கேட்டேன். "நாற்காலிதான் ஆடும், முக்காலி ஆடாது லா," என்றீர்கள்.

ஆனால் ஆடியது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம். அதுகூடப் பழகிவிட்டது. பழகாதது, கார் பொசுக்கென்று அணைந்து போவதுதான். எல்லை தாண்டி ஜோகூரிலிருந்து சிங்கப்பூர் திரும்பும்போது பாலத்து நெரிசலில் அணையும். மறுநாள் எங்காவது ஒரு சிக்னலில் அணையும். அப்புறம் மூன்று வாரம் ஒன்றும் இருக்காது. பிளக்கை மாற்றினீர்கள், காயிலை மாற்றினீர்கள், பேட்டரியையும் மாற்றினீர்கள். எஞ்சினை மட்டும் ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டீர்கள்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அன்று சிராங்கூன் சாலையில் பயந்தது வெறும் சுபாவம் இல்லை. டயாலிசிஸ் முடித்து உங்கள் அக்காவைக் கூட்டி வந்துகொண்டிருந்தோம். பூக்கடைகளுக்கு எதிரே சிக்னலில் கார் அணைந்தது. ஏசி நின்றது. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. பின்சீட்டில் அக்காவின் முகம் வெளிறி, கண் சொருகுகிறது.

"என்னடா தம்பி, நின்னுடுச்சா?" என்றார்.

"ரெண்டு நிமிஷம்க்கா."

"இந்த ஓட்டை எஞ்சினை நம்பித்தான் நோயாளியை ஏத்துறீங்களா?" என்று நான் கத்தினேன். நீங்கள் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துச் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தீர்கள். வீடு வரும்வரை நானும் ஓயவில்லை.

இப்போது ஓட்டும் சீட்டில் நான். வாரம் மூன்று நாள், சுவா சூ காங் வீட்டிலிருந்து சிராங்கூன் டயாலிசிஸ் நிலையத்துக்கு. வீட்டுக்குப் பக்கத்திலேயே வேறு நிலையம் இருக்கிறது; பழகிய நர்ஸ்களை விட்டு வரமாட்டேன் என்கிறார் உங்கள் அக்கா. வாடகைக் காரில் ஒருமுறை வாந்தி எடுத்தார். ஓட்டுநர் முகத்தைச் சுளித்தார். அடுத்த தடவை போகவே மாட்டேன் என்று கட்டிலில் படுத்துக்கொண்டார். ஒருநாள் தவறினால் மூச்சு முட்டும். அவரைக் கெஞ்சி எழுப்பி நம் காரில் ஏற்றினேன்.

அந்தக் காருக்கும் அடுத்த மாதம் பத்து வருடம் முடிகிறது. இங்கே காருக்குப் பத்து வருடம்தான் அனுமதி; பணம் கட்டி அதை இன்னும் ஐந்து வருடம் நீட்டிக்க வேண்டும், இல்லையென்றால் உடைக்கக் கொடுக்க வேண்டும் என்ற நிலை வந்தது. இந்த எஞ்சினை நம்பலாமா என்று கேட்க நீங்கள் இல்லை. வேடிக்கை என்னவென்றால், நீங்கள் போனதிலிருந்து கார் ஒருமுறைகூட அணையவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? என்னால் முடியவில்லை. இன்று அணையவில்லையென்றால் நாளைக்கு வைத்திருக்கிறது என்றே தோன்றும்.

தாங்காமல் வேறொரு பட்டறையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மன்னார்குடிக்கார மெக்கானிக் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்.

"எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு ஆன்ட்டி. மூணு சிலிண்டர்லயும் அழுத்தம் ஒரே அளவு. எண்ணெயும் குறையல."

"அப்ப ஏன் நின்னு நின்னு போச்சு?"

அவர் பெட்ரோல் மூடியைத் திறந்து பார்த்தார். "அங்கிள் ஜோகூர்ல பெட்ரோல் போடுவாரா?"

"அங்க விலை பாதிதான், எல்லாரும் போடுறதுதானே."

"எப்படிப் போடுவாரு?"

சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. முக்கால் டேங்க் இல்லாமல் நம் கார்களை எல்லை தாண்ட விடமாட்டார்கள். மிச்சம் கால் டேங்குக்குத்தான் இடம். அதில் எப்படிக் கூடுதலாக ஊற்றுவது என்பதுதான் உங்கள் ஆராய்ச்சி. பம்ப் 'டக்' என்று நின்ற பிறகும் விடாமல் அழுத்துவீர்கள். "ஆட்டு, நல்லா ஆட்டு, காத்து வெளிய வரணும்," என்பீர்கள். நான் பின்பக்கம் நின்று இரண்டு கையாலும் காரைக் குலுக்குவேன். கழுத்துவரை பெட்ரோல் தளும்பியதும் உங்கள் முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

மெக்கானிக் சிரித்துவிட்டார். "டேங்க் பக்கத்துல ஒரு கரி டப்பா இருக்கு ஆன்ட்டி. பெட்ரோல் ஆவி மட்டும்தான் அதுக்குள்ள போகணும். நீங்க ஆட்டி ஆட்டி ஊத்தினா பெட்ரோலே போயிடும். எஞ்சின் அதை உறிஞ்சும்போது புரையேறி நிக்கும். ஒரு நாள் ரெண்டு நாள்ல காஞ்சு சரியாயிடும்."

நீங்கள் போன பிறகு நான் ஜோகூருக்குப் போகவே இல்லை. வீட்டுப் பக்கத்தில் போடுகிறேன், 'டக்' என்றதும் எடுத்துவிடுகிறேன். அவ்வளவுதான் விஷயம். நானும் சிரித்தேன். பிறகு பட்டறைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். ஒன்பது வருடம் எஞ்சினைத் திட்டினேன், அதை வாங்கிய உங்களைத் திட்டினேன். ஆட்டியது என் கை. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க நீங்கள் இருந்திருக்கக் கூடாதா?

அனுமதியை நீட்டித்துவிட்டேன். உங்கள் அக்காவிடம் எல்லாம் சொன்னேன். "அப்ப வண்டி நல்ல வண்டிதான். நீங்க ரெண்டு பேருந்தான் சரியில்ல," என்றார். அதற்குப் பிறகு காரில் ஏறினால் கண்ணை மூடித் தூங்கிவிடுகிறார்.

நான்தான் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்று காலையும் சிராங்கூன் சாலையில் சிவப்பு விளக்கு. கார் அணையவில்லை. அணையாத கார் வேண்டும் என்றுதானே உங்களை இத்தனை வருடம் நச்சரித்தேன், கிடைத்துவிட்டது. அணைந்தால் நீங்கள் பக்கத்தில் இருப்பது போலிருக்குமே, ஒரே ஒரு தடவை அணைந்து தொலையேன் என்று இருந்தது எனக்கு. பின்னால் உங்கள் அக்காவை வைத்துக்கொண்டு அப்படி நினைக்கலாமா? நினைத்துவிட்டேன்.