மைக்குக்கு இடப்பக்கம்

டெட்ராய்ட்
மார்ச் 3, 1971

அன்புள்ள ஒனைடா,

நீயும் கிளைடும் பிள்ளைகளும் சுகம்தானே? கிறிஸ்துமஸுக்கு நான் போட்ட வாழ்த்துக்குப் பதிலே இல்லை. டொலீடோவில் தபால்தலை விற்பதில்லையோ?

விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் கிளீவ்லாந்தில் பழைய பாட்டுக் குழுக்களை ஒரே மேடையில் ஏற்றுகிறார்கள். நம் டெல்ஃபினெட்ஸும் உண்டு. நானும் ரோசெலும் இருக்கிறோம். உன் இடத்தில் பர்லீன் என்று ஒரு சின்னப் பெண். குரல் சுத்தம்; ஆனால் மைக் முன்னால் கட்டை மாதிரி நிற்கிறாள். போன வாரம் ஃபிளின்ட்டில் நம் பாட்டின் இரண்டாம் சரணத்தில் மறுபடியும் முந்திக்கொண்டு நுழைந்துவிட்டேன். டிரம்ஸ்காரர் சிரித்தேவிட்டார். கிளீவ்லாந்திலும் சொதப்பினால், ஊர் ஊராகப் போய்ப் பாடும் கோடைப் பயணம் எங்களுக்குக் கிடையாதாம்.

எனக்குத் தாளம் நிற்காது என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். மூன்று பேருக்கும் ஒரே மைக். நீ இடப்பக்கம் நின்று சரியான நேரத்தில் இடுப்பால் ஓர் இடி கொடுப்பாய். அப்புறம்தான் நான் வாயைத் திறப்பேன். வந்துவிடேன். உன் வெள்ளி கவுன் என் அலமாரியில்தான் தொங்குகிறது. அதைப் பர்லீனுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

உன்
வெர்லீன்

டொலீடோ
மார்ச் 12

பிரியமான வெர்லீன்,

உன் கடிதத்தைக் கிளைடுக்கு வாசித்துக் காட்டினேன். "போறதுன்னா போயிட்டு வாயேன், பிள்ளைங்கள நான் பாத்துக்கறேன்" என்றார். நல்ல மனுஷன். ரொம்ப யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஆசை இல்லை, வெர்லீன். காலையில் பள்ளிச் சமையலறையில் சோளரொட்டி வேகும் வாசனை. மாலையில் செருப்பைக் கழற்றி எறிந்தால், மறுபடி மாட்டிக்கொண்டு ஆடச் சொல்ல ஆளில்லை. சந்தோஷமாக இருக்கிறேன்.

ஒரு கூத்தைக் கேள். போன மாதம் சர்ச் விருந்தில் போதகர், "சிஸ்டர், ரேடியோல வந்த உங்க பாட்டைப் பாடுங்க" என்று எழுப்பிவிட்டார். நானும் கண்ணை மூடிக்கொண்டு உருகிப் பாடினேன். முடித்ததும் என் டீனா, "அம்மா, இது எந்தப் பாட்டு?" என்றாள். பாட்டு முழுக்க, உன் மெட்டுக்குத் துணையாகப் பாடும் என் இரண்டாம் குரலையே பாடியிருக்கிறேன்! மெட்டு எனக்கு வாயில் வரவே இல்லை. அது உன்னிடம் அல்லவா இருக்கிறது? கோழி வறுவலைக் கையில் வைத்துக்கொண்டு சர்ச்சே சிரித்தது.

பர்லீனிடம் இடிக்கச் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். தாளம் வராது என்று ஒரு சின்னப் பெண்ணிடம் ஒத்துக்கொள்ள வேண்டுமே! டிரம்ஸ் உருண்டு நிற்கும்போது இடிக்கச் சொல். கவுனையும் கொடுத்துவிடு. எனக்கு அதில் இப்போது ஒரு கைதான் நுழையும்.

அன்புடன்
ஒனைடா

டெட்ராய்ட்
மார்ச் 20

ஒனைடா,

கோபமாக இருக்கிறேன். கவுன் அலமாரியிலேயே இருக்கும். அவள் இடிக்கக் கற்றுக்கொண்டால் நீ திரும்பி வரவே மாட்டாய். எனக்கு அதுதான் பயம்.

வெர்லீன்

கிளீவ்லாந்து
மே 16

என் செல்ல ஒனைடா,

நேற்று மேடையேறும் முன்பு, திரைக்குப் பின்னால் பர்லீனைப் பிடித்து நிறுத்தினேன். "அடியே, எனக்குத் தாளம் நிக்காது. நீதான் இடிக்கணும்" என்றேன்.

"இவ்வளவுதானா அக்கா? என்னைப் பிடிக்காமத்தான் முறைக்கிறீங்கன்னு நினைச்சேன்" என்றாள் அவள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

இடித்தாள் பார், மைக்கே சாயப் பார்த்தது! ஆனால் சரியான இடத்தில் நுழைந்துவிட்டேன். கோடைப் பயணம் எங்களுக்குத்தான். அவள் போட்டிருந்தது உன் கவுன். இடுப்பில் மட்டும் ஊசி குத்திப் பிடித்தோம். கைத்தட்டல் வந்ததும் பழக்கத்தில் இடப்பக்கம் திரும்பினேன். நீ இல்லை. கொஞ்சம் அழுகை வந்தது. அந்தப் பெண் சிரித்தாள், நானும் சிரித்தேன்.

ஜூன் முதல் ஞாயிறு எங்களுக்கு ஓய்வு. உன் போதகரிடம் சொல்லி வை, கோழி வறுவலும் ஆகட்டும். மெட்டை நான் கொண்டுவருகிறேன். நீ செருப்பில்லாமலே வந்து என் இடப்பக்கம் நில்.

உன்
வெர்லீன்